இரு பெருமொழிகளுக்கு நடுவே ஒரு வீட்டுமொழி

கடைக்குச் சென்று மின்விசிறி ஒன்று வாங்குகிறோம். 'வாரண்டி எத்தனை ஆண்டு, கேரண்டி உண்டா' என்று கேட்கிறோம். பிள்ளையை விடுதியில் சேர்க்கையில் வார்டனைக் காண்கிறோம்; விண்ணப்பத்தில் கார்டியன் என்று குறித்த இடத்தில் கையொப்பமிடுகிறோம். இந்நான்கும் ஆங்கிலச் சொற்கள் என்பதே நம் எண்ணம். ஆயின் தோற்றத்தை ஆராய்ந்தால் அவை இரண்டே சொற்கள். ஒவ்வொன்றும் இருவேறு வாய்களில் ஒலித்து இருவேறு உருவம் பெற்றன. வகரத்தில் தொடங்குபவை நார்மண்டி மக்களின் ஒலிப்பைக் காட்டுகின்றன. ககரத்தில் தொடங்குபவை பாரீசைச் சூழ்ந்த நாட்டில் வழங்கிய பிரெஞ்சின் ஒலிப்பைக் காட்டுகின்றன. இரண்டையும் ஆங்கிலம் வாங்கி வைத்துக்கொண்டது. அதனிடமிருந்து நாம் பெற்றோம்.

உலகமெங்கும் தன் சொற்களை இவ்வாறு அனுப்பிவைத்த நார்மன் மொழி இன்று எங்கே இருக்கிறது? பிரான்சின் வடமேற்குக் கரையில் சில சிற்றூர்களிலும், அக்கரைக்கு எதிரே ஆங்கிலக் கால்வாயில் கிடக்கும் சில தீவுகளிலும், பெரும்பாலும் முதியோரின் நாவில் அது தங்கியிருக்கிறது. ஆளும் மொழியாக அரியணையேறிய ஒன்று அடுப்பங்கரை மொழியாக ஒடுங்கியது எவ்வாறு? அருகில் வாழ்ந்த பெருமொழிகள் அதன் சொல்லையும் இலக்கணத்தையும் எவ்வாறு மாற்றின? இவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

வென்றவர் இழந்த மொழி

வடகடலிலிருந்து வந்த வைக்கிங் கூட்டத்தின் தலைவன் ரோலோவுக்கும் பிரான்சு மன்னன் மூன்றாம் சார்லசுக்கும் 911ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. சேன் ஆற்றின் கீழ்ப்பகுதி வைக்கிங்குகளுக்குக் கிடைத்தது. வடக்கிலிருந்து வந்தோர் என்ற பொருளில் அவர்கள் நார்மானியர் எனப்பட்டனர். அவர்கள் நிலம் நார்மண்டி ஆயிற்று. 933இல் கொத்தாந்தேன் மூவலந்தீவும் அதற்கு எதிரேயுள்ள கால்வாய்த் தீவுகளும் அவர்கள் ஆட்சியில் சேர்ந்தன.

வாள் வென்றது, ஆனால் வாள் ஏந்தியவரின் மொழி வெல்லவில்லை. சில தலைமுறைகளுக்குள் வந்தவர்கள் தங்கள் வடமொழியை விட்டு, அந்நாட்டு மக்கள் பேசிய, இலத்தீன் வழிப்பட்ட மொழியைத் தங்களதாக்கிக்கொண்டனர். உள்ளூர்ப் பெண்களை மணந்தனர், திருமுழுக்குப் பெற்றனர், பிள்ளைகள் தாயின் மொழியில் வளர்ந்தனர். எனினும் பழைய மொழி சுவடின்றி மறைந்துவிடவில்லை. கடல், படகு, மணல்மேடு, ஓடை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களில் அது உறைந்து நின்றது. புனித அன்செல்ம் கான்டர்பரிப் பேராயராவதற்கு முன் மடாதிபதியாக இருந்த பெக் மடத்தை நாம் அறிவோம். 'பெக்' என்பது ஓடையைக் குறித்த வைக்கிங் சொல். திருச்சபையின் மறைவல்லுநர் ஒருவர் வாழ்ந்த மடத்தின் பெயரிலேயே, மறைந்துபோன ஒரு மொழியின் துளி நிற்கிறது.

1066இல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரசவை, நீதிமன்றம், பெருநிலக்கிழார் இல்லம் அனைத்திலும் நார்மன் மொழி ஒலித்தது. ஆங்கிலம் உழவரின் மொழியாகத் தாழ்ந்தது. ஜெர்சித் தீவில் பிறந்த வாஸ் என்னும் புலவர் 12ஆம் நூற்றாண்டில் நார்மண்டிக் கோமகன்களின் வரலாற்றைச் செய்யுளாகப் பாடினார். அக்காலத்தில் அதனை எவரும் கொச்சை மொழி என்று இகழ்ந்திருக்க முடியாது.

ஆனால் இங்கிலாந்திலும் அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. வென்றவரின் பேரப்பிள்ளைகள் மெல்ல மெல்ல வெல்லப்பட்டவரின் மொழிக்குத் திரும்பினர். நீதிமன்றங்களில் வழக்குகள் ஆங்கிலத்தில் பேசப்படவேண்டும் என்று 1362இல் சட்டம் பிறந்தது. அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! ஆயிரக்கணக்கான சொற்களை ஆங்கிலத்தின் மடியில் இட்டுவிட்டு நார்மன் மொழி அங்கிருந்து மறைந்தது.

ஒரு கடல், இரு விதிகள்

1204ஆம் ஆண்டு இம்மொழியின் வரலாற்றில் ஒரு வெட்டுக்கோடு. அவ்வாண்டு பிரான்சு மன்னன் இரண்டாம் பிலிப்பு நார்மண்டியின் பெருநிலத்தைக் கைப்பற்றினான். ஜெர்சி, கெர்ன்சி, ஆல்டெர்னி, சார்க் ஆகிய தீவுகள் மட்டும் ஆங்கில முடியோடு நின்றுவிட்டன. ஒரே பேச்சைப் பேசிய மக்கள் இரு முடிகளின் கீழ் வந்தனர். பெருநிலத்தின் மேல் பிரெஞ்சின் நிழல் விழுந்தது. பின்னர்த் தீவுகளின் மேல் ஆங்கிலத்தின் நிழல் விழுந்தது. ஒரு தாயின் இரு மக்களை இரு வீடுகளில் வளர்த்து, யாருடைய சாயல் யாரில் படிகிறது என்று பார்ப்பது போன்ற ஒரு நிலை இது. மொழி ஆய்வாளர் நார்மன் பேச்சுகளை விரும்பி ஆராய்வதற்கு இதுவே காரணம்.

முதலில் பெருநிலத்தைக் காண்போம். பிரான்சில் சட்ட ஆவணங்கள் யாவும் பிரெஞ்சில் எழுதப்படவேண்டும் என்று 1539இல் அரசாணை வந்தது. அது மக்கள் வீட்டிற்குள் நுழையவில்லை. வீட்டிற்குள் நுழைந்தது புரட்சிக்காலச் சிந்தனை. அதன் முகமாக நின்றவர் ஒரு குருவானவர் என்பதை நாம் மறத்தலாகாது. அருட்பணி கிரெகுவார் அடிமைமுறையை எதிர்த்தவர். யூதர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று வாதாடியவர். நாட்டில் வழங்கிய வட்டார மொழிகளைப் பற்றி 1790இல் வினாப்பட்டியல் ஒன்றை ஊர்தோறும் அனுப்பினார். 1794இல், அம்மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்குவதன் தேவையைப் பற்றிய அறிக்கையை நாட்டு மன்றத்தின்முன் வைத்தார். ஏறத்தாழ 60 இலட்சம் பிரெஞ்சு மக்களுக்குப் பிரெஞ்சு தெரியாது என்பது அவர் கூறிய கணக்கு.

அவர் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். சட்டம் புரியாத குடிமகன் உரிமையை எவ்வாறு கேட்பான் என்பதே அவர் கவலை. நியாயமான கவலை. ஆனால் பொதுமொழியைக் கற்பிப்பது ஒன்று. வீட்டுமொழியை ஒழிப்பது வேறு. முன்னதற்குப் பின்னது தேவையில்லை என்பதை அந்த நல்ல மனிதரும் காணவில்லை. 1881, 1882ஆம் ஆண்டுகளில் ஜூல் ஃபெரியின் சட்டங்களால் தொடக்கக்கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆனது. எழுத்தறிவு ஊர்தோறும் சென்றது. அதனோடு, தாய் பேசுவது பிழையான பேச்சு என்ற எண்ணமும் சென்றது.

நெருங்கிய உறவின் ஆபத்து

இங்குத்தான் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உள்ளது. நார்மனும் பிரெஞ்சும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை. இலத்தீனின் ககர ஒலி, அகரத்தின் முன் வரும்போது, பாரீசுப் பக்கத்தில் ஷகரமாக மாறியது. நார்மண்டியின் பெரும்பகுதியில் ககரமாகவே நின்றது. பூனை பிரெஞ்சில் 'ஷா', நார்மனில் 'கா'. பசு பிரெஞ்சில் 'வாஷ்'; நார்மனில் 'வாக்'. இவ்விரு ஒலிப்புகளையும் பிரிக்கும் எல்லைக்கோட்டை 19ஆம் நூற்றாண்டில் வரைந்துகாட்டியவர் ஷார்ல் ஜொரே. அது ஜொரே கோடு என்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இத்தகைய நெருக்கத்தால் நேர்ந்தது என்ன? 'வாக்' என்று சொன்ன சிறுவனுக்கு அவன் இன்னொரு மொழியைப் பேசுகிறான் என்று எவரும் கூறவில்லை. 'வாஷ்' என்பதைத் தவறாகச் சொல்கிறான் என்றே கூறினர். வேறு மொழிக்காரன் தன் மொழியைக் காக்கலாம். பிழை செய்பவன் பிழையைத் திருத்தத்தானே வேண்டும்? ஆகவே பெருநிலத்தில் நார்மன் மொழி ஒரே நாளில் கைவிடப்படவில்லை. ஒலி ஒலியாகவும் சொல் சொல்லாகவும் திருத்தப்பட்டு, உப்பு நீரில் கரைவதுபோலப் பிரெஞ்சில் கரைந்தது. கரைந்துகொண்டிருப்பதைக் கரைந்தவரே உணரவில்லை.

இக்கரைதலுக்கு எதிராக நின்றோரும் உண்டு. லா ஆக் என்னும் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த அருட்பணி அல்பேர் லோயே (1915-1986) அவர்களுள் ஒருவர். கோத்தி-கப்பெல் என்ற புனைபெயரில் அம்மக்களின் நார்மன் பேச்சிலேயே கவிதைகள் படைத்தார். வட்டார மொழிகளை ஒழிக்கக் கேட்டவரும் குருவானவர். அவற்றில் ஒன்றைக் கவிதையால் போற்றியவரும் குருவானவர்.

தீவுகளில் வந்த அந்நியம்

தீவுகளின் கதை வேறு. 1204க்குப் பின்னும் நெடுங்காலம் அங்கு ஆங்கிலம் அதிகம் கேட்கவில்லை. ஆட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு. வீட்டிற்கும் வயலுக்கும் நார்மன். சமயத்திலும் அவ்வாறே. அரசியலில் இங்கிலாந்தோடு நின்ற தீவுகள், சமய நிருவாகத்தில் நார்மண்டியின் கூத்தான்ஸ் மறைமாவட்டத்தோடு 16ஆம் நூற்றாண்டு வரை இணைந்திருந்தன. சீர்திருத்தக் கிளர்ச்சிக்குப் பின், 1569இல் அவை வின்செஸ்டரோடு சேர்க்கப்பட்டன. பிரான்சிலிருந்து வந்த கால்வின் வழிப் போதகர்கள் பிரெஞ்சு விவிலியத்தையும் பிரெஞ்சு மறையுரையையும் நிலைநிறுத்தினர். இவ்வாறு சமயம் மாறியபோதும் மேடையின் மொழி மாறவில்லை. தீவு மக்கள் பிரெஞ்சை 'நல்ல பிரெஞ்சு' என்றே அழைத்தனர். அப்படியானால் தாங்கள் பேசியது? அதற்குரிய விடையை அப்பெயரே சொல்லாமல் சொல்லிவிட்டது.

நெப்போலியன் போர்க்காலத்தில் ஆங்கிலப் படையினர் வந்தனர். போர் முடிந்தபின் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வணிகரும் குடியேறினர். நீராவிக் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளைக் கொணர்ந்தன. சந்தையில் ஆங்கிலம் ஒலித்தது. பின்னர்ப் பள்ளியில் ஒலித்தது. ஜெர்சியின் சட்டமன்றத்தில் ஆங்கிலத்தில் பேச 1900இல் இசைவு கிடைத்தது. ஆல்டெர்னியில் துறைமுகமும் கோட்டைகளும் கட்ட வந்த தொழிலாளரும் படையினரும் சிறிய தீவை நிறைத்தனர். அங்குதான் நார்மன் பேச்சு முதலில் தளர்ந்தது.

பின்னர் வந்தது 1940. சூன் மாத இறுதியில் செருமானியப் படை வருவதற்கு முன், கெர்ன்சியிலிருந்து ஏறத்தாழ 17,000 பேரும், ஜெர்சியிலிருந்து ஏறத்தாழ 6,600 பேரும் கப்பலேறி இங்கிலாந்து சென்றனர். ஆல்டெர்னி ஏறக்குறைய முற்றிலும் வெறுமையாயிற்று. கெர்ன்சிச் சிறார் பலர் ஆசிரியரோடு, பெற்றோர் இன்றிச் சென்றனர். 1945 மே மாதம் தீவுகள் விடுதலை பெற்றன. ஐந்து ஆண்டு ஆங்கிலக் குடும்பங்களிலும் பள்ளிகளிலும் வளர்ந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது, அவர்கள் நாவில் ஆங்கிலமே இருந்தது. பாட்டி நார்மனில் கேட்டாள். பேரன் ஆங்கிலத்தில் விடை சொன்னான். அவனுக்காகத் தாயும் ஆங்கிலத்திற்கு மாறினாள். ஒரு மொழி அறுந்த இடம் அந்த வீட்டு வாசலே. ஆல்டெர்னியின் நார்மன் பேச்சு 20ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது.

உள்ளே நிகழ்ந்த மாற்றம்

ஆங்கிலம் அயல்மொழி ஆதலால் அது நார்மனைக் கரைக்கவில்லை. பக்கத்தில் நின்று இடத்தைப் பிடித்தது. எனினும் எஞ்சி நின்ற நார்மனின் உள்ளும் அது புகுந்தது. சொற்களைக் கடனாகத் தருவது மேலோட்டமான செயல். அது எல்லா மொழிக்கும் நேர்வதே. ஆழமான செயல் வேறு. சொல் நார்மனாகவே இருக்கும்; சிந்தனைக் கட்டு ஆங்கிலமாக மாறியிருக்கும்.

'பொறுத்துக்கொள்ளுதல்' என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று சிறு சொற்களை அடுக்குவர்: வை, மேலே, உடன். கெர்ன்சி நார்மனில் அம்மூன்றும் அவ்வாறே மொழிபெயர்க்கப்பட்டு 'மெத் ஆ ஓ தோவ்' என்று வழங்கலாயின. மூன்றும் கலப்பற்ற நார்மன் சொற்கள். ஆயினும் கடல் கடந்து ஆங்கிலம் அறியாத நார்மண்டி உழவன் ஒருவனிடம் கூறினால், எதை எங்கே மேலே வைப்பது என்று அவன் விழிப்பான்.

இன்னொன்றைத் தமிழர் நாம் எளிதில் உணரலாம். 'கத்தியால் வெட்டினான்', 'தம்பியோடு வந்தான்' என்கிறோம். கருவிக்கு ஆல், உடனிகழ்ச்சிக்கு ஓடு. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'வித்' என்ற ஒரே சொல் போதும். ஜெர்சி நார்மனும் நம்மைப்போல வேறுபாடு அறிந்த மொழி: கருவிக்கு 'அத்தூ', ஒருவரோடு சேர்ந்திருப்பதற்கு 'ஓவ்', அண்மையில் உடனிருப்பதற்கு 'அகாந்தே' என்று மூன்று சொற்கள் உண்டு. ஆங்கிலத்தோடு இருமொழியாளராய் வாழ்ந்த பிற்காலத்தாரிடம் 'ஓவ்' என்பதே மற்றவற்றின் இடத்தையும் பிடிக்கலாயிற்று. எந்தச் சொல்லும் அந்நியமாகவில்லை. வேறுபாடு மட்டும் தேய்ந்தது. நம்மில் ஒருவர் 'கத்தியோடு வெட்டினான்' என்று கூறத் தொடங்கினால் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் பெருமொழி அழிக்கவே செய்கிறது என்றும் கூறுவதற்கில்லை. பழைய நார்மனில் 'கறுப்புப் பூனை' என்பதுபோல நிறச்சொல் பெயருக்கு முன் வருவது வழக்கு. ஆங்கிலத்திலும் அவ்வாறே, பிரெஞ்சிலோ நிறம் பெயருக்குப் பின்னே வரும். ஆகவே தீவுகளில் ஆங்கிலத்தின் அண்மை இப்பழைய வழக்கிற்கு ஊன்றுகோலாகிறது. பெருநிலத்தில் பிரெஞ்சின் அண்மை அதனை இழுத்துச் செல்கிறது. ஒரே மொழியின் ஒரே வழக்கு, பக்கத்து வீட்டார் யார் என்பதைப் பொறுத்து நிற்கிறது அல்லது சாய்கிறது.

இவற்றிலிருந்து நாம் காண்பது என்ன? உறவான பெருமொழி சிறிய மொழியைத் திருத்தித் திருத்தித் தனக்குள் கரைத்துக்கொள்கிறது. அயலான பெருமொழி அதனை விட்டுவைத்து, பேசுவோரைத் தன்பக்கம் அழைத்துக்கொள்கிறது. முன்னதில் பேச்சு மறைகிறது. பின்னதில் பேசுவோர் மறைகின்றனர். வழிகள் இரண்டு. ஆயினும் இரண்டிற்கும் வாயில் ஒன்றே: என் தாயின் பேச்சு தாழ்ந்தது என்று பிள்ளையின் உள்ளத்தில் விழும் எண்ணம்.

இன்றைய நிலை

ஜெர்சியில் தீவுமொழி பேசுவோர் 1989ஆம் ஆண்டு மக்கள் கணக்கில் 5,720 பேர். 2001இல் 2,874 பேர். பன்னிரண்டே ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தனர். 2001இல் அதுவே தங்கள் அன்றாட மொழி என்றோர் 113 பேர் மட்டுமே. கெர்ன்சியில் அதே ஆண்டு 1,327 பேர் சரளமாகப் பேசினர். சார்க் தீவில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சினர். 1565இல் ஜெர்சியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் கொண்டுசென்ற பேச்சு அது.

எனினும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. ஃபிராங்க் லெ மெஸ்த்ர் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த ஜெர்சி மொழி அகராதி 1966இல் வெளிவந்தது. 1999 முதல் ஜெர்சிப் பள்ளிகளில் தீவுமொழி கற்பிக்கப்படுகிறது. 2010இல் வெளியான பணத்தாள்களில் அம்மொழி இடம்பெற்றது. 2019இல் சட்டமன்றம் அதனை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. ஒரு காலத்தில் பள்ளி வாயிலில் விட்டுவரவேண்டியிருந்த மொழி, இன்று பள்ளியால் காக்கப்படவேண்டியதாகிவிட்டது. ஆயினும் பணத்தாளில் அச்சிட்டதனால் மட்டும் ஒரு மொழி வாழ்ந்துவிடாது. அதில் ஒரு குழந்தை அழவும் சிரிக்கவும் வேண்டும்.

கெர்ன்சியின் புலவர் ஜார்ஜ் மெத்திவியேயின் (1790-1881) செயல் ஒன்றை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். பிரெஞ்சு விவிலியத்தையே கேட்டு வளர்ந்த தீவு அது. அவரோ மத்தேயு நற்செய்தியைத் தம் தீவு மக்களின் பேச்சில் மொழிபெயர்த்தார். அது 1863இல் இலண்டனில் அச்சாயிற்று. மொழி ஆய்வில் ஆர்வம் கொண்ட இளவரசர் லூயி லூசியேன் போனபார்ட்டின் வேண்டுகோளுக்காகச் செய்த பணி அது. ஆலய மேடைக்காகச் செய்ததன்று.

அந்நற்செய்தியின் 26ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு அச்சத்தில் இருக்கும் காட்சி வருகிறது. அவரைச் சுற்றி நின்றோர் அவரது முகத்தைக் கொண்டு அன்று, பேச்சைக் கொண்டே இன்னார் என்று கண்டுகொள்கின்றனர். அவர் நாவில் இருந்தது எருசலேம் நகரத்தாரின் பேச்சன்று. கலிலேயக் கடற்கரையின் பேச்சு. அதனை மறைக்க அவரால் முடியவில்லை. அந்தக் கலிலேய நாவையே ஆண்டவர் பின்னர்த் தம் திருச்சபையின் முதல் மறையுரைக்குத் தேர்ந்துகொண்டார்.

கெர்ன்சியின் மீனவன் ஒருவன் இப்பகுதியைத் தன் சொந்தப் பேச்சில் முதன்முறை கேட்டபோது என்ன எண்ணியிருப்பான்? பேச்சினால் அறியப்படுவது குற்றமன்று என்று அவன் உணர்ந்திருந்தால், அந்நூல் தன் பணியைச் செய்துவிட்டது எனலாம். பெருமொழிகளைக் கற்போம், அவை அறிவின் வாயில்கள். ஆனால் அவ்வாயிலில் நுழையும் எந்தப் பிள்ளையும் தன் பாட்டியின் பேச்சை வெளியே கழற்றி வைத்துவிட்டுச் செல்ல நேரவேண்டாம்.